நந்தன் பெயரால் திறந்த கதவு
(பரங்கிப்பேட்டையில் ஆற்றிய உரை)



இவ்வூர்க்கு அணித்தேயுள்ள தில்லையில், கோயில் புகுவதற்கு நந்தனார் தீப்புக வேண்டியிருந்த வரலாற்றை நாம் அறிவோம். அத் தில்லையிலேயே, அவர் பெயரால் 1916இல் பள்ளியொன்றைத் தொடங்கினார் சகசானந்த அடிகள். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், 1890இல், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த முனுசாமியே அவர்.

கோயிற் கதவு அம் மக்களுக்குத் திறக்குமுன்பே கல்விக் கதவு திறந்தது! சேரிப்பிள்ளைக்கு எழுத்து மட்டும் போதுமா? உண்ணவும் உறங்கவும் இடம் வேண்டாவா? ஆதலின் விடுதியும் அமைத்தார்.

1926இல் சென்னைச் சட்டமன்றம் புகுந்த அடிகள், 1959 மே 1இல் மறைந்தபோதும் தில்லையின் சட்டமன்ற உறுப்பினரே. ஆயினும், அவரை நாம் நினைப்பது மன்றத்து இருக்கையால் அன்று. அவர் எழுப்பிய பள்ளியால்! நந்தனார் பெயர் தாங்கிய அரசு மேனிலைப்பள்ளிகள் இன்றும் அங்குள்ளன.

தோழர்களே! சிலைக்கு மாலையிடுதல் எளிது. உங்கள் தெருவிற் படிப்பை விட்ட பிள்ளை எவர்? அப் பிள்ளையின் கைப்பிடித்து மீண்டும் பள்ளியிற் சேருங்கள். அதுவே அடிகளுக்கு நாம் செய்யும் நன்றி!