எல்லை தாண்டினால் இரட்டைச் சம்பளமா?

சென்ற கூட்டத்தில் ஆலைத் தொழிலாளி ஒருவர் நம்மைக் கேட்டார்: "அமெரிக்கா ஒரே தேசம்தானே? ஒரு ராஜ்யத்துப் பிள்ளை பக்கத்து ராஜ்யத்துக் காலேஜில் சேர்ந்தால் ஏன் கூடுதல் சம்பளம் கேட்கிறார்கள்?" நல்ல கேள்வி. இன்று அதற்கே பதில் சொல்கிறோம்.

1862-ல் அங்கே மோரில் சட்டம் வந்தது. உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்கு விவசாயமும் யந்திரத் தொழிலும் கற்பிக்கக் கல்லூரி வைக்கும்படி மத்திய சர்க்கார் ராஜ்யங்களுக்கு நிலம் கொடுத்தது. அது பூர்வகுடிகளிடம் பறித்த நிலம் என்பதையும் மறக்கக் கூடாது. இன்று அத்தகைய சர்க்கார் பல்கலைக்கழகங்களுக்கு ராஜ்யங்கள் பணம் ஒதுக்குகின்றன. "எங்கள் ஜனங்களின் வரிப்பணம்; எங்கள் பிள்ளைக்கே சலுகை" என்கிறார்கள். வெளி ராஜ்யத்துப் பிள்ளைக்குப் பல இடங்களில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கட்டணம். பணக்காரன் கட்டிவிடுவான். தொழிலாளியின் பிள்ளை? கடன் வாங்குவான். அந்நாட்டு மாணவர் கடன் ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது.

வழியே இல்லையா? இருக்கிறது.

முதலாவது, ராஜ்யங்களுக்குள் ஒப்பந்தம். மேற்கு ராஜ்யங்களின் ஏற்பாட்டில், உள்ளூர்க் கட்டணம் 100 டாலர் என்றால் வெளியாரிடம் 150-க்கு மேல் வாங்கக் கூடாது. எல்லாக் கல்லூரியும் எல்லாப் படிப்பும் இதில் சேரவில்லை. விசாரித்தே சேர வேண்டும். தென் ராஜ்யங்கள் பலவற்றில், சொந்த ராஜ்யத்தில் இல்லாத சில படிப்புகளை அயல் ராஜ்யத்தில் உள்ளூர்க் கட்டணத்திலேயே படிக்கலாம்.

இரண்டாவது, சட்டசபையே பணம் ஒதுக்குவது. வட கரோலினா 2018-ல் மூன்று பல்கலைக்கழகங்களில் அரையாண்டுக் கட்டணத்தை உள்ளூராருக்கு 500 டாலர், வெளியாருக்கு 2,500 டாலர் என்று குறைத்தது. 2022-ல் நான்காவது பல்கலைக்கழகமும் சேர்ந்தது. சாப்பாடு, அறை வாடகை இதில் அடங்காது.

மூன்றாவது, குடியிருப்பு உரிமை. பெரும்பாலும் ஓராண்டு வாசம் கேட்கிறார்கள். படிக்க மட்டுமே வந்தவன் என்றால் அது செல்லாது. வேலை, வரி, வீடு எல்லாம் காட்ட வேண்டும். சேரும்போது வெளியார் என்றால் படிப்பு முடியும்வரை வெளியாரே என்று கனெக்டிகட் ராஜ்யம் சட்டம் வைத்திருந்தது. இரண்டு மாணவிகள் வழக்காடினார்கள். 1973-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் அச்சட்டத்தைத் தள்ளியது.

தோழர்களே! இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? இந்தக் கட்டணம் ஆண்டவன் எழுதிய எழுத்தல்ல. சட்டசபையிலும் நிர்வாகக் குழுவிலும் மனிதர்கள் வைத்தது. ராஜ்யங்கள் கூடிப் பேசிய இடத்தில் குறைந்தது. பணம் ஒதுக்கிய இடத்தில் குறைந்தது. இரண்டு பெண்கள் துணிந்து கேட்டபோது சட்டமே மாறியது.

ஆகவே, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் கேள்வி கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் குமாஸ்தா பதில் சொல்வார். கூடிக் கேட்டால் சட்டசபை பதில் சொல்லியாக வேண்டும்!