வராத பெண்களைத் தேடிப் போக வேண்டியவர்களுக்கு

பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று செவிலியர் பட்டம் பெறும் என் அன்பு மாணவிகளே, மாணவர்களே!

நான் மகப்பேறு மருத்துவர். அரசுப் பணியில் ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மாவட்ட மருத்துவமனை வரை வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் எப்போது வருகிறார்கள், எப்போது வராமல் இருந்துவிடுகிறார்கள் என்பதுதான் அது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது என்றும், 80,000 பேர் வரை இறந்தார்கள் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டிருக்கிறது. இத்தனைக்கும் இது ஓரிரவில் வருகிற நோய் கிடையாது. கிருமி தொற்றி, திசு மாறி, புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இடையில் எப்போது பார்த்தாலும் பிடித்துவிடலாம். புற்றாகும் முன்பே பிடித்தால் சில நிமிட வைத்தியத்தில் சரிசெய்துவிடலாம். ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மற்ற மாநிலங்களைப் பார்க்க நாம் முன்வரிசையில் நிற்கிறோம். அந்த முன்வரிசையிலும் பத்துப் பெண்களில் ஒன்பது பேருக்குப் பரிசோதனை நடக்கவில்லை.

இதற்குக் காரணம் கேட்டால் எந்தக் கூட்டத்திலும் ஒரே பதில்தான் வரும்: "பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை." இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டில் நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அதே பன்னாட்டு முகமையும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையமும் சேர்ந்து நடத்தின. பரிசோதனை மிக எளியது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறத் தொடங்கிய திசு வெள்ளையாகத் தெரியும். வி.ஐ.ஏ. என்று நீங்கள் படித்தது இதைத்தான். லேப் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம். நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். திண்டுக்கல்லில் அந்தக் கண், பயிற்சி பெற்ற செவிலியர்களுடைய கண். பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. உங்கள் தொழிலில் உங்களுக்கு முன் வந்தவர்கள் செய்து காட்டியது. அதை நினைத்து நீங்கள் பெருமைப்பட வேண்டும்.

ஆனால் எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது வேறொரு கணக்கு. வீடு வீடாகப் போய் அழைத்த 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். முப்பதுகளில் இருப்பவர்கள் அதிகம் வந்தார்கள். கொஞ்சமாவது பள்ளிக்குப் போனவர்கள் வந்தார்கள். கணவர் இருப்பவர்கள், இரண்டு மூன்று பிள்ளை பெற்றவர்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வந்தார்கள். கூலி வேலைக்குப் போகும் ஏழைப் பெண்கள், வசதி உள்ளவர்களைவிடக் கூடுதலாகவே வந்தார்கள். ஏழைக்கு அக்கறை இல்லை என்று இனி யாராவது சொன்னால், திண்டுக்கல்லைச் சொல்லுங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர் ஏன் வருகிறார்? அவருக்கு ஆஸ்பத்திரி பழகிய இடம். நர்ஸம்மாவைத் தெரியும், நர்ஸம்மாவுக்கும் அவரைத் தெரியும். அப்படியானால் வராமல் போகிறவர் யார்? வயது கூடியவர், கணவரை இழந்தவர், பள்ளிக்குப் போகாதவர். நம் கிராம சுகாதார செவிலியரின் பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். கர்ப்பிணித் தாய் இருப்பார், குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட தேதி இருக்கும், ஆபரேஷன் நடந்த தேதி இருக்கும். அத்தோடு அந்தப் பெண்ணின் பக்கம் முடிந்துவிடும். சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்காக 'மக்களைத் தேடி மருத்துவம்' இப்போது வீட்டு வாசலுக்கே போகிறது, அது நல்ல மாற்றம். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு, பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகு நம்மிடம் வர ஒரு காரணமும் நாம் வைக்கவில்லை. இந்தப் புற்றுநோய் அதிகம் தாக்குவதோ அந்த வயதில்தான்.

ஒரு கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை எங்கள் செவிலியர் அழைத்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "எம் புருஷன் போயி பத்து வருஷம் ஆச்சு. இனிமே அந்த எடத்துல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். செவிலியர் நோட்டீஸை நீட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு கைப் புளியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அவரு இருக்கும்போது வந்த கிருமி பெரியம்மா. இத்தன வருஷம் கழிச்சும் சத்தமில்லாம உள்ள வேல செய்யும். அதான் உங்க வயசுக்காரங்களக் கூப்புடுறோம்." அடுத்த வாரம் அந்த அம்மா தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சில வார்த்தைகளில் மருத்துவம் முழுவதும் இருந்தது, அவமானம் துளியும் இல்லை.

அவமானம் பெரிய தடை என்பதால் இதை இந்த மேடையிலேயே வெளிப்படையாகச் சொல்கிறேன். எச்.பி.வி. என்ற கிருமி உடலுறவால் பரவுகிறது. தாம்பத்தியத்தில் ஈடுபடும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது அது வந்து போகும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிடுகிறது. அப்படித் தங்குவதை வைத்து யாருடைய நடத்தையையும் எடைபோட முடியாது. இதைப் பெண்ணிடம் சொல்லுங்கள், மாமியாரிடமும் கணவரிடமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவமானத்தை விடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது, அது நம்மால் வருவது. பிரசவ வார்டில் வலியில் கத்திய பெண்ணை அதட்டிய குரலை அந்தப் பெண் மறப்பதில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, "காலை அகட்டிப் படுக்கணும், ரெண்டு நிமிஷம்தான்" என்று நாம் கூப்பிடும்போது அந்தக் குரல்தான் அவர் காதில் விழுகிறது. அவர் வர மறுத்தால், அதை அறியாமை என்று எழுதுவது நியாயமில்லை. ஒருத்திக்கு வலித்தால், மறுநாள் நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை முழுக்க அந்தச் செய்தி போய்விடும். நல்ல விதமாக நடந்தாலும் அப்படியே போகும். ஆகவே அந்த அறையைப் பாருங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? திரை மேசைக் காலடி வரை மறைக்கிறதா? ஸ்பெகுலத்தை முதலில் அவர் கையில் கொடுத்துக் காட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துவிட்டு, இப்போது போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோய் என்று பொருள் இல்லை என்பதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லுங்கள். பிறகு சொன்னால் அந்தப் பயத்தில் காதில் ஏறாது.

பரிசோதனை முகாமின் தேதியை டாக்டரின் வசதிக்குக் குறிப்பதும் நம்மால் வரும் தடைதான். நடவும் அறுப்பும் நடக்கும் வாரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்தப் பெண்ணும் வர முடியாது. பரிசோதனையில் குறை தெரிந்த பெண்ணை இரண்டு பஸ் மாறி நகரத்துக்கு அனுப்பினால் பாதி வழியிலேயே தொலைத்துவிடுவோம். கிரையோ சிகிச்சையோ வெப்பச் சிகிச்சையோ, முடிந்தவரை அதே இடத்தில் அதே நாளில் கிடைக்க வேண்டும். இதற்காக மேலதிகாரிகளிடம் நீங்கள் வாதாட வேண்டியிருக்கும். வாதாடுங்கள்.

உங்கள் காலத்தில் ஒரு நல்ல கருவியும் வந்திருக்கிறது. எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையை முதன்மையாகக் கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியைப் பெண்ணே தனியறையில் பஞ்சுக்குச்சியால் எடுத்துக்கொடுக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு கர்ப்பப்பை வாயில் திசு மாறும் பகுதி உள்ளே தள்ளிப் போவதால் வி.ஐ.ஏ.யில் சரியாகத் தெரியாது. எனவே அந்தத் திண்ணைப் பெரியம்மா வயதுள்ளவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் முடிவு வந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், பயப்படாமல் சிகிச்சைக்குக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை எந்தக் கருவியும் செய்யாது.

மாணவர்களே, இந்த அரங்கில் உங்கள் அம்மாக்களும் அத்தைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் நாட்டுத் திட்டத்தில் இந்தப் பரிசோதனைக்கான வயது 30 முதல் 65. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நீ அந்த டெஸ்ட் எடுத்திருக்கியா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், வேலையில் சேரும் முன் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.