தோற்கும் இடம் மட்டும் நமக்கா?

(மேல்விஷாரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2017 குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றிப் பேச, டேனரிகள் சூழ்ந்த இந்த ஊர் பொருத்தமான இடம். அந்தத் தேர்தலில் நம்மிடம் ஆதரவு கேட்ட மீரா குமார், ஜெகஜீவன்ராமின் மகள். தோல் தொழிலைச் சொல்லியே இழிவுபடுத்தப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர் ஜெகஜீவன்ராம். 1978இல், ஒன்றிய அமைச்சராக இருந்தபோதே, காசியில் அவர் திறந்து வைத்த சிலையைக் கங்கை நீர் ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள்.

மகளுக்கு இங்கே வெல்லும் வாய்ப்பு இருந்ததா? இல்லை. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 176. எடப்பாடி அணி, பன்னீர்செல்வம் அணி என்று அடித்துக்கொண்டிருந்த அ.தி.மு.க.வினர், பா.ஜ.க. வேட்பாளர் ராம்நாத் கோவிந்தை ஆதரிப்பதில் மட்டும் ஒன்றானார்கள். கோவிந்துக்கு 134 பேர், மீரா குமாருக்கு 98 பேர். பெரியார் மண் என்கிறோம்; அதன் சட்டமன்றம் 23,584 வாக்கு மதிப்பை பா.ஜ.க. வேட்பாளருக்குக் கொடுத்தது.

"இருவருமே தலித்துகள், யார் வந்தால் என்ன?" என்றார்கள். உயர்சாதியினர் இருவர் மோதியபோது யாராவது சாதியைப் பேசினார்களா என்று மீரா குமார் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவரை நிறுத்திய காங்கிரசிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. வெல்லும் பலம் இருந்த 2007இல் பிரதிபா பாட்டீல், 2012இல் பிரணாப் முகர்ஜி. தோல்வி உறுதியான 2017இல்தான் மீரா குமார். 1969இல் ஜெகஜீவன்ராமின் பெயரை இந்திரா காந்தி முன்வைத்தபோதும், கட்சியின் நாடாளுமன்றக் குழு சஞ்சீவ ரெட்டியைத்தான் தேர்ந்தெடுத்தது.

இது இரகசிய வாக்கெடுப்பு. கொறடா உத்தரவு கிடையாது. மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று மீரா குமார் கேட்டார். ஆனால் வாக்குகள் கட்சிக் கணக்கை ஒட்டியே விழுந்தன. தனித் தொகுதி உறுப்பினரும் கட்சித் தலைமையின் முகத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. 1932 பூனா ஒப்பந்தத்தால் நாம் இழந்தது என்ன என்பது இங்கே தெரிகிறது.

அந்த 98இல் ஒரு வாக்கைக் கவனியுங்கள். இரட்டை இலைச் சின்னத்தில் வென்ற நாகப்பட்டினம் உறுப்பினர் தமிமுன் அன்சாரி, மீரா குமாரை ஆதரிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். ஒரே ஒருவர்தான். ஆனாலும் அது முடியாத காரியமல்ல என்று காட்டினார்.

முஸ்லிம்களும் தலித்துகளும் கைகோக்க வேண்டும் என்று மேடையில் சொல்வது எளிது. டேனரித் தொட்டிக்குள் இறங்குபவர் யார், கல்லாவில் உட்காருபவர் யார் என்று இந்த ஊருக்குத் தெரியும். அதையும் பேசித்தான் கைகோக்க முடியும்.

அடுத்த தேர்தலில் "எங்கள் வேட்பாளர் ஒரு தலித்" என்று யார் வந்து சொன்னாலும் ஒன்றைக் கேளுங்கள்: வெல்லும் நாளில் ஏன் கூப்பிடவில்லை?