கடன் நோட்டும் ஓட்டும்

(நம் அறக்கட்டளை நடத்திய சிறு வியாபாரிகள் சந்திப்பில் மளிகைக் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)





அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாமா என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்று தோற்றவன் நான். ஜெயித்தவர்கள் பேச மேடைகள் நிறைய உண்டு. தோற்றவன் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் காகித வேலை. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். நகராட்சிக்குக் கட்ட வேண்டிய வரியோ, கடை வாடகையோ பாக்கி இருந்தால், மனு போடும் முன்பே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். நகராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்திருப்பவர் அது நடப்பில் இருக்கும்போது நிற்க முடியாது. தேர்தல் செலவுக்குத் தனி நோட்டு போடுங்கள். கடைக் கல்லாவோடு கலக்காதீர்கள். முடிவு வந்த 30 நாட்களுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றாலும் ஒப்படைக்க வேண்டும்.

இதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

என் கடையில் 41 குடும்பங்களுக்குக் கடன் நோட்டு இருந்தது. ஓட்டுப்பதிவுக்கு முந்தின இரவு எனக்கு வேண்டிய ஒருவர் வந்தார். "அந்த நோட்டைக் கிழிச்சுப் போடுங்க பாய், ஜெயிச்சிடலாம்" என்றார். கையில் காசு கொடுத்தால்தான் லஞ்சமா? ஓட்டுக்காகக் கடனைத் தள்ளுவதும் லஞ்சம்தான். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். நான் நோட்டைக் கிழிக்கவில்லை. 22ஆம் தேதி எண்ணினார்கள். 19 ஓட்டில் தோற்றேன்.

நான் சரியாக நடந்துகொண்டேன் என்ற நிம்மதியோடுதான் இருந்தேன். ஆனால் வாடிக்கையாக வரும் ஓர் அம்மா அதன்பின் கடைக்கு வரவில்லை. மூன்று மாதம் கழித்து வந்து, பாக்கி 1,460 ரூபாயை எண்ணி வைத்தார். "நான் உங்களுக்குப் போடலை பாய். அப்புறம் எந்த முகத்தோட கடன் கேக்குறது? அதான் தூரத்துக் கடையில காசு கொடுத்து வாங்கினேன்" என்றார்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. நோட்டைக் கிழிக்காமல் இருந்தது மட்டும் போதாது. மேசைமேல் அது சும்மா கிடந்தாலே ஏழைக்குப் பயம். "கடன் வேறு, ஓட்டு வேறு. யாருக்குப் போட்டாலும் இந்தக் கடையில் உங்கள் கணக்கு நிற்காது" என்று ஒவ்வொரு வீட்டிலும் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தவறு. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே சகோதரர்களே, நிற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெருவிளக்கும் சாக்கடையும் குடிதண்ணீரும் யாருடைய பொறுப்பு என்று தினமும் கடை வாசலில் கேட்பவர்கள் நாம்தான். தாராளமாக நில்லுங்கள். ஆனால் மனு போடும் முன் வீட்டாரிடம் கலந்து பேசுங்கள். கொள்முதல் பணத்தில் கை வைக்காதீர்கள். உங்களிடம் கடன்பட்டவர்களின் பயத்தை முதலில் போக்குங்கள்.

பதவி ஒரு அமானிதம். அது கைக்கு வருவதற்கு முன்பே நம் கடன் நோட்டும் ஒரு அமானிதம்தான்.