கயிறு இல்லாத ஜன்னல் திரை

இன்னைக்கு ஜன்னலுக்குத் திரை தைக்கிறதைப் பத்திப் பேசப் போறேன். கர்ட்டன் இல்ல, ரோமன் பிளைண்ட். கீழ இருந்து மடிப்பு மடிப்பா மேல ஏறுமே, அது. நான் ஒண்ணு தைச்சேன், மாட்டினேன், மூணாவது வாரம் பாதியைப் பிரிச்சுப் போட்டேன். ஏன் பிரிச்சேன்னு சொல்லத்தான் இந்த எபிசோட்.

எனக்கு நைட் ஷிஃப்ட். சாயந்திரம் ஆறரைக்கு லாகின், அதிகாலை மூணரைக்கு லாகவுட். கேப்ல வீடு வந்து படுக்க நாலரை ஆயிடும். என் ரூம் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. சென்னையில மே மாசம் ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் வந்து முகத்துல உட்காரும். முதல்ல கண்ணாடியில நியூஸ்பேப்பர் ஒட்டினேன். அப்புறம் கிரில்லில பெட்ஷீட்டைத் துணி கிளிப் போட்டு மாட்டினேன். காத்தடிச்சா கிளிப் தெறிச்சு மேல விழும். வாடகை வீடு வேற. சுவத்துல ஓட்டை போட்டா அட்வான்ஸ்ல கழிச்சுக்குவோம்னு ஓனர் முதல் நாளே சொல்லிட்டார். கடையில கேட்டேன். ஒரு ஜன்னலுக்கு 5200 ரூபாய், மாட்டுற கூலி தனி, டிரில் கட்டாயம்.

சரி, நாமளே செய்வோம்னு இறங்கினேன். துணி ஏற்கெனவே வீட்டுல இருந்தது. அப்பத்தாவோட பழைய கண்டாங்கி சேலை, முந்தி கிழிஞ்சது. காரைக்குடிப் பக்கம் நெய்யுற கட்டம் போட்ட பருத்திச் சேலை. கெட்டியா இருக்கும், தொங்க விட்டா நேரா நிக்கும். என் கையில இருந்த சேலை அகலம் 46 அங்குலம். ஜன்னல் அகலம் 42, உயரம் 54. சேலையை நீளவாக்கில தொங்க விட்டா ரெண்டு பக்கமும் கரை வந்துடுது, அதனால பக்கவாட்டுல மடிச்சுத் தைக்கிற வேலையே பாதி குறைஞ்சது. இதை நான் பிளான் பண்ணிச் செய்யல, தானா அமைஞ்சது.

சேலை மட்டும் போதாது. வெயில்ல பிடிச்சுப் பார்த்தா ஊசி ஊசியா வெளிச்சம் வரும். அதனால நடுவுல ஒரு கறுப்புத் துணி, கண்ணாடிப் பக்கம் வெள்ளை பாப்ளின். வெள்ளை வெளியே பார்த்து இருக்கணும். வெயிலைக் கொஞ்சமாவது திருப்பி அனுப்பும், சேலைச் சாயமும் சீக்கிரம் வெளுக்காது. புதுப் பாப்ளினை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டுக் காய வெச்ச பிறகுதான் வெட்டணும். பருத்தி சுருங்கும். சேலை நூறு தடவை துவைச்சது, அது இனிமே சுருங்காது. புதுசு மட்டும் சுருங்கினா முதல் துவையலுக்கே மொத்தத் திரையும் கோணிக்கும்.

பாப்ளினை சேலையை விட 8 அங்குலம் நீளமா வெட்டுங்க. குச்சி நுழைக்கிற குழாய் மடிப்பு எல்லாம் அந்தத் துணியிலதான் வரும். ஒவ்வொரு மடிப்பும் ஒன்றரை அங்குலம் தின்னும். குச்சிக்கு நான் எடுத்தது பென்சில் மொத்தத்துல மூங்கில். அடிப்பாகத்துக்கு மட்டும் கொஞ்சம் கனம் வேணும், அதுக்கு ஒரு பழைய கர்ட்டன் கம்பி.

மெஷின் என்கிட்ட இல்ல. தெருமுனை டெய்லர் அண்ணன்கிட்டக் கொண்டு போனேன். பாப்ளினைப் பார்த்துட்டு, "எத்தனை பாவாடைம்மா?" அப்படின்னார். ஜன்னலுக்குன்னு சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனா கோடு போட்ட மாதிரி தைச்சுக் கொடுத்தார். நேர்த் தையல்தானே, மெஷின் இல்லைன்னு யாரும் தயங்க வேண்டாம். டெய்லர் கூலியோட எல்லாம் சேர்த்து 1000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது.

நான் சொதப்பின இடம் மடிப்புக் கணக்கு. 57 அங்குல நீளத்தை ஆறாகப் பிரிச்சு, சமமா ஒன்பதரை ஒன்பதரைன்னு குறிச்சுட்டேன். மேல இழுத்துப் பார்த்தா மத்த மடிப்பெல்லாம் அடக்கமா உட்காருது, அடியில மட்டும் நாக்கைத் துருத்தின மாதிரி துணி தொங்குது. காரணம் ரொம்பச் சின்னது. ரெண்டு குச்சிக்கு நடுவுல இருக்கிற துணி மடங்கும்போது பாதி நீளம்தான் தொங்கும். கடைசித் துண்டு மடங்காது, முழுசாத் தொங்கும். அதனால அது பாதி அளவும் கூட ஒரு அங்குலமும் இருந்தாப் போதும். சரியான கணக்கு இது: அடியில இருந்து 6 அங்குலத்துல முதல் குச்சி, அப்புறம் பத்துப் பத்து அங்குலமா நாலு குச்சி. மேல மிச்சம் 11. கூட்டிப் பாருங்க, 57 வரும். டெய்லர் அண்ணன் எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி தைச்சார், காசு வாங்கல. அதுக்கப்புறம் என் பிளவுஸ் எல்லாம் அங்கேதான்.

மாட்டுறதுக்கு மரக்கடையில ரெண்டுக்கு ஒண்ணு ரீப்பர் ஒரு துண்டு வாங்கினேன். முன்பக்கம் வெல்க்ரோ ஒட்டி, திரையோட மேல் ஓரத்தை அதுல ஒட்டிட்டேன். கொசுவலைக்கு ஒட்டுவோமே, அதே டேப். துவைக்கணும்னா பிரிச்சு எடுத்துடலாம். ரீப்பரைக் கட்டுக் கம்பியால ஜன்னல் கிரில்லோட மேல் கம்பியில இறுக்கிக் கட்டியாச்சு. ஒரு ஓட்டை போடல. கிரில் வெச்ச ஜன்னலை அசிங்கம்னு திட்டுறவங்க கவனிக்க.

அப்புறம் கயிறு. பார்த்த வீடியோ எல்லாத்துலயும் இருக்கிற மாதிரியே, ஒவ்வொரு குச்சியிலயும் சின்ன பிளாஸ்டிக் வளையம் தைச்சு, பின்பக்கமா நைலான் கயிறு கோத்து, பக்கத்துல இழுக்க விட்டேன். இழுத்தா ஏறுது, விட்டா இறங்குது. முதல் நாள் காலையில பத்தரை வரைக்கும் தூங்கினேன். எத்தனையோ மாசத்துக்கப்புறம். சினிமா தியேட்டர் இருட்டு கிடையாது, பக்கவாட்டுல கொஞ்சம் வெளிச்சம் கசியும். எனக்கு அது போதும்.

மூணாவது வாரம் திருச்சியில இருந்து அக்கா வந்தா, பாப்பாவோட. பாப்பாவுக்கு ரெண்டு வயசு. என் கட்டில் ஜன்னலை ஒட்டி இருக்கு. ஒரு நாள் காலையில நான் அசந்து தூங்கிட்டிருந்தேன், அக்கா கிச்சன்ல. பாப்பா காக்கா பார்க்கக் கட்டில்ல ஏறி, திரைக்குப் பின்னால போயிருக்கா. என் கால்ல ஏதோ மிதிபட்டு முழிச்சேன். திரையில இவ உருவம் புடைச்சுத் தெரியுது, ரெண்டு கால் மட்டும் வெளியே. விளையாடுறான்னு நினைச்சுத் திரையை விலக்கினேன். ரெண்டு வளையத்துக்கு நடுவுல இருந்த கயிறை இழுத்து, தலைக்கு மேல மாட்டி, மாலை மாதிரி கழுத்துல போட்டுட்டு நிக்கிறா. என்னைப் பார்த்துச் சிரிச்சா.

கழட்டிட்டேன். ஒண்ணும் ஆகல, ஒரு கோடு கூட விழல. ஆனா அவ கால் மெத்தை விளிம்புல இருந்தது. வழுக்கியிருந்தா அவ்ளோதான். கயிறு இறுக்கினா குழந்தையால கத்தக்கூட முடியாது. நான் பக்கத்துலயே தூங்கிட்டிருந்திருப்பேன். அக்காகிட்ட சாயந்திரம்தான் சொன்னேன். அவ என்னைத் திட்டல. எழுந்து போய்க் கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்தா.

அன்னைக்கு ஆபீஸ்ல உட்கார்ந்து தேடினேன். 2009 டிசம்பர்ல அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ரோமன் திரை, ரோல்-அப் திரை அத்தனையையும் திரும்பப் பெறுறதா அறிவிச்சிருக்காங்க. 5 கோடிக்கும் மேல. காரணம் குழந்தைகள் கழுத்துல கயிறு இறுகிச் செத்துப் போனது. ரோமன் திரையில ஆபத்துன்னு அவங்க சொன்னதும் துணிக்குப் பின்னால ஓடுற அதே கயிறுதான். 2018 கடைசியில இருந்து அங்கே கடையில ரெடிமேடா விக்கிற திரையில கயிறே இருக்கக் கூடாது, இல்லைன்னா கைக்கு எட்டக் கூடாதுன்னு விதிமுறை வந்துடுச்சு. நான் பார்த்த ஒரு வீடியோ கூட இதைச் சொல்லல. பாதிப் பேர் குழந்தை ரூமுக்குத்தான் தைச்சுக் காட்டினாங்க.

இப்போ என் திரையில கயிறு இல்ல. வளையம் அப்படியே இருக்கு. ரீப்பரோட அடிப்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு கப் ஹூக் திருகியிருக்கேன், கடையில நாலு ரூபாய். திரையைத் திறக்கணும்னா கையால மடிச்சு, ஓரத்து வளையங்களை ஒண்ணு மேல ஒண்ணா ஹூக்ல மாட்டணும். மேல் ரெண்டு வரிசையை மட்டும் மாட்டினா பாதித் திறப்பு. வளையத்துல என் சுண்டு விரல்தான் நுழையும். குறை என்னன்னா எனக்கு உயரம் பத்தாது, தினமும் ஸ்டூல் போட்டு ஏறணும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே.

கடையில வாங்கின ரோலர் திரையில மணிச் சங்கிலி வளையமா தொங்குதா? அதைச் சுவத்தோட இழுத்துப் பிடிக்கிற கிளிப் பெட்டிக்குள்ளயே வந்திருக்கலாம். தேடி எடுத்து மாட்டுங்க. வீட்டுக்குக் குழந்தை வருதுன்னா கட்டிலையும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்க. என் ரூம்ல அதுக்கு இடமில்ல, அதனாலதான் கயிறே போச்சு.

போன வாரம் அப்பத்தா வீடியோ கால்ல திரையைப் பார்த்துச்சு. "என் சேலையவா ஜன்னல்ல கட்டியிருக்க?" அப்படின்னு கேட்டுச்சு. ஆமான்னேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "கரையோரமா ஒரு மஞ்சக் கறை இருக்குமே, இருக்கா?" அப்படின்னுச்சு. ஃபோனைக் கிட்டக் கொண்டு போய்க் காட்டினேன். வலது பக்கம், கீழ இருந்து ரெண்டாவது மடிப்பு.