உத்ராட ஓட்டமும் ஒட்டுப்போர்வையும்



ஆடி முடிந்த வாரம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான கடைத்தெரு அது. மிளகு மூட்டைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே சந்துசந்தாகத் தையல் கடைகள். அந்த வாரம் அவற்றின் வாசலில் ஓர் அட்டை தொங்க ஆரம்பிக்கும்: ஓணத்துக்கு இனிமேல் ஆர்டர் எடுப்பதில்லை. எட்டிப் பார்த்துக் கேட்டால், உள்ளே இருப்பவர் தலையை நிமிர்த்தாமலே அட்டையைக் கை காட்டுவார்.

கடையில் இடமில்லாமல் போன துணியெல்லாம் எங்கே போகிறது? கரமனையிலும் வலியசாலையிலும் மணக்காட்டிலும் வீட்டில் மிஷின் வைத்திருக்கிற பெண்களிடம் வந்து சேர்கிறது. அவர்களில் ஒருத்தி என்ற உரிமையில்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சாங்கம் இரண்டு. ஆடித் தள்ளுபடி என்று நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் போய்த் துணியை அள்ளிக்கொண்டு வருவோம். இங்கே அதே மாதம் கர்க்கடகம். அடைமழை, கல்யாணம் கிடையாது, கையில் காசு புழங்காது. தையல்காரருக்கும் அது ஓய்ந்த மாதம். சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, பிறந்ததுதான் தாமதம்: கல்யாண ரவிக்கை, ஓணத்துக்குச் செட் புடவை ரவிக்கை, பேத்திக்குப் பட்டுப்பாவாடை, கல்லூரி ஓணக் கொண்டாட்டத்துக்கு ஒரே நிறத்தில் ஒரு வகுப்புக்கே சட்டை. இத்தனையும் சேர்ந்து வந்து விழும். நமக்கு அதற்கு மேல் கொலு, தீபாவளி. 2025-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம் பிறந்தது ஆகஸ்ட் 17. திருவோணம் செப்டம்பர் 5. நவராத்திரி 22-இல் ஆரம்பம். விஜயதசமி அக்டோபர் 2, தீபாவளி 20. இரண்டு மாதச் சொச்சத்தில் ஒரு வருஷத்து வேலை.

இப்படிக் குவிந்தால் மிஷினை வேகமாக மிதிக்கத்தான் கால் போகும். எவ்வளவு மிதித்தாலும் ஒரு ரவிக்கைக்கு மிச்சமாவது சில நிமிஷம். நேரத்தைத் தின்பது நூல் மாற்றுவது. பச்சை ரவிக்கைக்குப் பச்சை நூல் கோத்து, பாபின் சுற்றி, கழுத்து அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி ஓடி வந்து கருப்புச் சுடிதாரை நீட்டுவாள். பச்சையைக் கழற்றிக் கருப்பைக் கோத்து முடித்துத் திரும்பினால், பச்சையில் எந்தக் கை எந்தப் பக்கம் என்று மறந்திருக்கும். நடுவில் இஸ்திரிப் பெட்டி சூடாகக் காத்திருக்க வேண்டும். அளவு ரவிக்கையை யார் கவரில் வைத்தோம் என்று தேட வேண்டும். ஒரு பகல் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தும், ஊசி ஓடியது எவ்வளவு நேரம் என்று பார்த்தால் வெட்கமாக இருக்கும்.

கட்டிங் மாஸ்டர் வேலை செய்வதை நின்று பார்த்திருக்கிறீர்களா? மிஷின் பக்கமே போகமாட்டார். பெரிய மேஜை, சாக்கட்டி, கனத்த கத்தரி, அவ்வளவுதான். முன்பக்கம், முதுகு, கை, பட்டி, கழுத்துக்கு வைக்கும் கிராஸ் துண்டு எல்லாவற்றையும் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி, அதே துணியின் கரையில் ஒரு நாடா கிழித்துக் கட்டி, ரசீது நம்பரைக் குத்தி எறிவார். மிஷினில் இருப்பவருக்குச் சுருட்டு வந்து விழும். அதில் இல்லாத எதையும் அவர் தேட வேண்டியதில்லை. ஹூக்கும் காஜாவும் வைக்க இன்னொருவர்; பெரும்பாலும் துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் செய்து தருகிற பெண். ஒரு ரவிக்கை மூன்று கை மாறுகிறது, ஆனால் ஒவ்வொரு கையும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

வீட்டில் மூன்று கையும் நமதே. இருந்தாலும் அதே முறை செல்லும். லைனிங் துணி அத்தனையையும் ஒரே நாளில் நனைத்துப் போட்டுவிட வேண்டும். நனைக்காமல் தைத்த லைனிங் முதல் சலவையில் சுருங்கி மேல்துணியை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஃபேனுக்கு அடியில் காயப்போட்டால் மறுநாள்தான் கைக்கு வரும். அதனால் முதல் வேலை அதுவே. வெட்டுவது காலை வெளிச்சத்தில் மட்டும். பிரித்துத் தைத்துவிடலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. ராத்திரி பத்து மணிக்குக் கத்தரி எடுக்கிறவர்கள் கைக்குழியை ஆழமாக வெட்டிவிட்டு மறுநாள் துணிக்கடைக்கு ஓடுவதைப் பார்க்கத்தான் பார்க்கிறோம். வெட்டிக் கட்டிய சுருட்டுகளைத் தேதிவாரியாக அடுக்காமல் நூல்வாரியாக அடுக்குங்கள். வெள்ளைக் குடும்பம் ஒரு நாள், சிவப்பும் மெரூனும் ஒரு நாள், கருப்பும் நீலமும் ஒரு நாள். தேதி நெருங்கிய ஒன்றிரண்டு மட்டும் வரிசையைத் தாண்டலாம்.

இந்த விஷயத்தில் ஓணம் நம் மேல் இரக்கம் காட்டுகிற பண்டிகை. பாதி ஊர் ஒரே நிறம்: வெளுக்காத பருத்தியின் சந்தன வெள்ளை, கரையில் கசவு, அதாவது பொன் சரிகை. நகரத்துக்குத் தெற்கே பாலராமபுரத்தில் நெய்கிற துணிக்கு ஒரு தமிழ் வேர் உண்டு. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜா காலத்தில், உம்மிணித்தம்பி தளவாயாக இருந்தபோது, நாஞ்சில்நாடு திருநெல்வேலிப் பக்கமிருந்து சாலியக் குடும்பங்களைக் கூட்டிவந்து குடியமர்த்தினார்கள். குழித்தறியில் நெய்த அந்தத் துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். தைக்கிறவருக்கு இது வரமும் சோதனையும். எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்ற கவலை இல்லை. அதனாலேயே இரண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டிவிடுகிற ஆபத்து உண்டு. வெட்டியதும் உள்பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். கசவுக் கரையைக் கையின் விளிம்புக்கு வைக்கும்போது மடித்து அடிக்க வேண்டாம், கரையே விளிம்பாக நிற்கட்டும். சரிகையின் மேல் பழைய ஊசி ஓடினால் இழை இழுத்துக்கொண்டு சுருக்கம் விழும். புது ஊசி போட்டு, மெதுவாக. மேலே ஒரு மல் துணி விரித்து இஸ்திரி போட வேண்டும்.

தேதி சொல்வது தனிக் கலை. நல்ல தையல்காரர் தம் நோட்டில் ஒரு தேதியும் நம்மிடம் ஒரு தேதியும் வைத்திருப்பார். இதைப் பொய் என்று கோபிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது விவேகமாகவே படுகிறது. ட்ரையல் பார்த்து இடுப்பில் கால் இஞ்ச் விடச் சொன்னால் அந்த நாள் எங்கிருந்து வரும்? திருவோணத்துக்கு முதல் நாள் உத்ராடம். அன்றைக்கு ஊரே கடைசிச் சாமானுக்காக ஓடும். உத்ராடப் பாச்சில் என்பார்கள். வீட்டுத் தையல்காரிக்கு அந்த ஓட்டம் வாசல் வழியாக உள்ளே வரும்.

"சேச்சி, ஒரெண்ணம் மாத்ரம். லைனிங் கூட வேண்டா."

"எப்போ வேணும்?"

"நாளைக்கு ராவிலே."

பக்கத்து வீட்டுப் பெண். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அதிகாலையில் எழுந்து வந்து பூ தொடுத்தவள். முடியாது என்று எப்படிச் சொல்வது? முடியாது என்று சொல்லத்தான் வேண்டும், ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லாமல். "தைக்க நேரமில்லை மோளே, உன் பழைய சந்தன ரவிக்கையைக் கொண்டு வா, கையில் கசவு வைத்துத் தருகிறேன்" என்பது என் வழி. முழு ரவிக்கைக்குப் பதில் இரண்டு நேர்த் தையல். அவளும் சிரித்துக்கொண்டு போவாள். தைக்கிறவள் வீட்டுப் பிள்ளைகளின் துணிக்குத்தான் அன்று ராத்திரி வரை முறை வராது.

எண்ணிக்கை பெரிதாகும்போது வேறு கணக்கு. 2022 ஆகஸ்டில் வீடுதோறும் தேசியக் கொடி ஏற்றச் சொன்னபோது, கேரளத்தில் லட்சக்கணக்கான கொடிகளைத் தைத்துத் தரும் பொறுப்பு குடும்பஸ்ரீயின் தையல் யூனிட்டுகளுக்கு வந்தது. 1998-இல் தொடங்கிய மகளிர் அமைப்பு அது. கொடி ஏறும் நாள் ஆகஸ்ட் 13. அந்த வருஷம் திருவோணம் செப்டம்பர் 8. ஒன்று முடிந்து நிமிர்ந்தால் மற்றது. கொடிக்கு நீளம் மூன்று பங்கு, அகலம் இரண்டு பங்கு என்பது விதி. அளவெடுப்பும் இல்லை, ட்ரையலும் இல்லை, கழுத்து இறக்கம் போதவில்லை என்ற புகாரும் இல்லை. ஒரே மடிப்பை ஆயிரம் தரம் அடிக்கலாம். 2017 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடைத் துணி கொடுக்கிறார்களே, ஜூன் முதல் வாரத்துக்கு முன் அதைத் தைக்கிற வேலையும் கொஞ்சம் இதே ஜாதி. ரவிக்கை அப்படி அடங்காது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் உடம்பு, ஒவ்வொரு மனசு.

இத்தனைக்கும் நடுவில் மிஷினுக்குக் கீழே ஒரு குவியல் வளரும். கைக்குழி வளைவுகள், கசவுத் துணுக்குகள், ரூபியாத் துண்டுகள். பெரும்பாலோர் குப்பையில் போடுவார்கள். நான் ஒரு பையில் போடுவேன். ஒட்டுப்போர்வை அதில்தான் பிறக்கிறது.

நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சு அடைத்த போர்வை ஆகாது. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் தேய்ந்து பூவாகிப்போன பழைய வேட்டி, அடியில் ஒரு பருத்திப் புடவை. மூன்றையும் சேர்த்து நூலோட்டம் ஓட்டினால் போதும். பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியைத்தான் விரிப்போம், அந்த மெத்துமெத்து இதற்குள்ளே இருக்கும். வங்காளத்துக் காந்தா இப்படித்தான், பழம்புடவைகளை அடுக்கித் தைப்பது. அந்தப் புடவைகளின் கரையிலிருந்தே நூல் உருவிக்கொள்வார்களாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான சித்தி மக்கள் கவந்தி என்று ஒன்று செய்கிறார்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச்சுற்றி நடுவுக்குத் தைத்துக்கொண்டு போவார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைக்காவிட்டால் அவர்கள் கண்ணுக்கு அந்தப் போர்வை நிர்வாணம்.

துண்டுத்துணியை இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எறணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில், ஓண விற்பனைக்கு நெய்து வைத்த கைத்தறிப் புடவைகள் சேற்றில் முழுகின. லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் முன்நின்று, அவற்றைச் சுத்தம் செய்து, வெட்டி, சேக்குட்டி என்ற சின்னப் பொம்மையாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 1300 ரூபாய்ப் புடவை ஒன்றில் 360 பொம்மை, ஒன்று 25 ரூபாய். நல்ல புடவையாக விற்றிருந்தால் கிடைத்ததைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு. வாங்கியவர்களின் நல்ல மனசும் அந்த விலையில் இருந்தது, சரிதான். 2020-இல் கொரோனாக் கவச உடை தைத்த இடங்களில் மிஞ்சிய துணுக்குகளைச் சடைபோலப் பின்னி, ஆறடி நீளப் படுக்கையாக்கிய சய்யா திட்டமும் அதே லட்சுமி மேனனுடையது. அதில் ஊசிக்கு வேலையே இல்லை.

சீசன் வந்தால் எல்லோரும் முதலில் ஓரம் கட்டுவது இந்தப் போர்வையைத்தான். யாரும் கேட்கப்போவதில்லை, தேதி இல்லை. நான் அப்படிச் செய்வதில்லை. அதைத் தனிப் பையில், நூல் கோத்த நாலைந்து ஊசிகளோடு வைத்திருப்பேன். மழையில் கரண்ட் போனால், இஸ்திரிப் பெட்டி சூடாகும் வரை, ட்ரையலுக்கு வருகிறேன் என்றவர் வராமல் உட்கார வைத்தால், கை அதற்குப் போகும். கோணலாகப் போனாலும் கேட்பாரில்லை. அடுத்த ரவிக்கையை எடுக்கும்போது தோள்வலி கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஓணம் முடிந்ததும் மிஷினைத் திறந்து, பல்லுக்கடியில் சேர்ந்த பஞ்சைத் தட்டி எண்ணெய் விடுங்கள், கொலுப்படிக்கு வெள்ளை விரிப்பு அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு கேரளத்தில் ஒரு கெடு இருக்கிறது, யாராலும் தள்ளிப்போட முடியாதது. அஷ்டமி மாலையில் பூஜை வைப்பு. புத்தகத்தோடு கத்தரி, இஞ்ச் டேப், மிஷின் எல்லாம் சரஸ்வதி முன்னால் போய்விடும். விஜயதசமி காலையில்தான் திரும்ப எடுக்கலாம். தீபாவளித் துணி அதற்குள் பாதி வெட்டிக் கிடக்கும். போர்வை ஊசி ஒன்றை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளலாமா என்று எங்கள் தெருப் பாட்டியிடம் கேட்டேன். "ஊசி ஆயுதமில்லையோடி?" என்றார்.