கையிலிருந்து கருவி வரை

இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாள் அமர்வுகளில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடக் கருவிகளைப் பற்றியவை. ரத்தம் கருவிக்குள் போவதற்கு முன் அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி நான் பேச விரும்புகிறேன்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இரவு, வார்டிலிருந்த பெரியவர் ஒருவருக்குப் பொட்டாசியம் 8.1 என்று அறிக்கை வந்தது. இதயம் நின்றுவிடக்கூடிய அளவு. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஈசிஜி சீராக இருந்தது. அதே அறிக்கையில் கால்சியம் 4. அந்த அளவில் ஒருவர் கைகால் இழுப்பில்லாமல் உட்கார்ந்திருப்பது அரிது. விசாரித்தேன். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதாமல், ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். ஊதா மூடிக் குழாயில் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசிய உப்பு. ரத்தம் உறையாதிருக்க அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தை விட்டுவிடும். கருவி தனக்குக் கொடுத்ததைச் சரியாகவே அளந்திருந்தது. மறுபடி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.2. முதல் அறிக்கையை நம்பி, பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலின் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இது அந்த ஒரு வார்டின் கதை மட்டுமல்ல. இத்தாலியின் பதுவா நகரில் பிளெபானி, கரரோ என்ற ஆய்வாளர்கள் ஓர் அவசர ஆய்வுக்கூடத்தின் பிழைகளை எண்ணிப் பார்த்தார்கள். 1997இல் வெளியான ஆய்வில் 68 விழுக்காடு பிழைகள் மாதிரி கருவியை அடையும் முன்பே நேர்ந்தவை. பத்தாண்டு கழித்து மீண்டும் எண்ணியபோதும் அது 62 விழுக்காடாக இருந்தது.

நம் ஊர் நிலைக்கு வருகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை 9 மணிக்கு எடுத்த ரத்தம், மாவட்ட ஆய்வுக்கூடத்துக்குப் பகல் 1 மணிக்கு வந்து சேர்கிறது என்று வையுங்கள். சீரம் பிரிக்காத குழாயில் ரத்த அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் 130 இருந்தவர், நம் அறிக்கையில் 100ஐ ஒட்டி, நீரிழிவு இல்லாதவராகிவிடுவார். இதற்கு அஞ்சி முழு ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்தால், குளிரில் அணுக்கள் பொட்டாசியத்தை வெளியே விட்டுவிடும். சிவப்பணு உடையாததால் சீரம் தெளிவாகவே தெரியும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அங்கேயே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, சீரத்தைப் பிரித்து அனுப்புவதே வழி. அந்தச் சிறு கருவிக்குத்தான் நாம் முதலில் பணம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரத்தம் எடுக்கும் இடத்தில் தேவைப்படுபவை எளியவை: கையில் கட்டிய பட்டையை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்துவது, ஸ்பிரிட் உலரும்வரை பொறுப்பது, டிரிப் ஓடும் கையைத் தவிர்ப்பது. பெயர் கேட்பதைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். “நீங்கதானே முருகன்?” என்று கேட்டால் காது மந்தமான முதியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். “உங்க பேர் என்னங்க ஐயா?” என்று கேளுங்கள். குழாயில் பெயரை அவர் பக்கத்திலேயே நின்று எழுதுங்கள்.

ரத்தம் எடுக்கும் செவிலியரும், பெட்டியைச் சுமந்து வரும் ஊழியரும் இந்த அரங்கில் இல்லை. அடுத்த கருத்தரங்கில் அவர்களை மேடையேற்றிப் பேசவைக்குமாறு அமைப்பாளர்களை வேண்டுகிறேன். உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: சென்ற மாதம் உங்கள் ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பிய மாதிரிகளின் பட்டியலை, காரணத்தோடு, நாளைய அமர்வுக்குக் கொண்டு வாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.